இருபத்துமூன்று வயது வேனம்மா

வேகமாக வண்டி ஓட்டியதாக வேனம்மாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தெருவே சிரித்தது. பால் போடுகிறவர் சிரித்துச் சிரித்து இரண்டு வீட்டுக்குப் பால் ஊற்ற மறந்துபோனார். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகள் அந்த வேனுக்கு வைத்த பெயர் ஆமை. அவசரத்தில் இருக்கும் பெற்றோர்கள் வைத்த பெயர்களை அச்சில் போட முடியாது. சைக்கிளில் போகிறவர்கள் ஆமையை முந்தும்போது மணியடித்து, "வர்றேன் வேனம்மா" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

யாராவது குறை சொன்னால் அவளிடம் ஒரே பதில்தான். "பதினாலு உசுரை ஏத்திட்டுப் போறேன். அவசரம்னா பிள்ளையைத் தூக்கிட்டு ஓடு."

நோட்டீஸை அவள் மகன்தான் படித்துக் காட்டினான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவன். அவனே அன்றைக்கு மூன்று தடவை படித்தான்.

"அம்மா, நாப்பதுக்கு மேல போகக்கூடாத ரோட்டுல நீ அம்பத்தெட்டுல போனியாம்."

"யாரு, நானா?"

"உன் வண்டி நம்பர்தான் போட்டிருக்கு."

"அந்த வண்டியை மலை உச்சியிலேருந்து உருட்டி விட்டாக்கூட அம்பத்தெட்டு போகாதுடா!"

"அதை விடு. ஓட்டுநர் வயசு இருபத்துமூணுன்னு போட்டிருக்கு."

வேனம்மா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "இருபத்துமூணா? நீ பொறந்தப்பவே எனக்கு இருபத்துநாலுடா."

இது எப்படி நடந்தது என்பதை வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த வேனம்மாவை மரத்தடியில் நின்ற போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். கையில் வேகம் அளக்கும் கருவி. அட்டையில் செருகிய தாள். அந்த வழியாகப் போகிற எல்லா வண்டிகளின் வேகத்தையும் ஓட்டுகிறவர்களின் வயதையும் குறித்துக்கொண்டு வரும்படி மேலிடத்து உத்தரவு.

"இருபத்துமூணும்மா," என்றார் காவலர் கருவியைப் பார்த்து. "வண்டி ரிப்பேரா?"

"இல்லப்பா. இதுதான் என் வேகம்."

"நல்லா இருங்க. வயசு என்னம்மா?"

"அம்பத்தெட்டு."

அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் வைத்திருந்தது பழைய தாள். பழைய தாளில் முதல் கட்டம் வேகம், இரண்டாவது கட்டம் வயது. போன வருஷம் தலைமையகம் புதிய தாள் அச்சடித்திருந்தது. அதில் முதல் கட்டம் வயது, இரண்டாவதுதான் வேகம். ஏன் மாற்றினார்கள் என்று கேட்கக்கூடாது. மாற்றுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர்களும் பிழைக்க வேண்டுமல்லவா. ஆனால் பழைய தாள் தீரும்வரை புதிய தாளைத் தொடக்கூடாது என்று இன்னொரு பிரிவு சுற்றறிக்கை விட்டிருந்தது. பழைய தாள் பதினொரு அலமாரி நிறைய இருந்தது. அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும் புதிய தாளைத்தான் தெரியும். தட்டச்சர் முதல் எண்ணை முதல் கட்டத்திலும் இரண்டாவது எண்ணை இரண்டாவது கட்டத்திலும் பிழையில்லாமல் அடித்தார். தலைப்பைப் படிப்பது அவர் வேலை இல்லை. தலைப்புச் சரிபார்ப்பாளர் என்று தனிப் பதவி உண்டு. அது மூன்று வருஷமாகக் காலியாக இருக்கிறது.

ஆக, அன்றைக்கு அந்த ரோட்டில் போன நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் வீடு தேடி நோட்டீஸ் போயிற்று. நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள் காற்றாய்ப் பறந்திருந்தாலும் உத்தமர்கள்.

வேனம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மறுநாள் தாளாளர் அறையில் நடந்ததுதான். பள்ளிக்கூடத்துக்கும் நோட்டீஸின் நகல் போயிருந்தது.

"எனக்கு உங்களைத் தெரியாதா வேனம்மா?" என்றார் தாளாளர். "ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கு. வேகக் குற்றம் பதிவானவங்க கையில பிள்ளைங்களைக் குடுக்கக்கூடாது. திங்கக்கிழமைக்குள்ள கோர்ட்டுலேருந்து 'குற்றப்பதிவு இல்லை'ன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லைன்னா வேற ஏற்பாடு பண்ண வேண்டியதுதான்."

"என்ன ஏற்பாடுங்க?"

"என் மச்சினன் சும்மாதான் இருக்கான். நல்லா ஓட்டுவான்."

அந்த மச்சினனை ஊரே அறியும். இருபத்துநாலு வயது. அவன் பைக்கை யாரும் பார்த்ததில்லை, சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் கையில் ஆமையும், ஆமைக்குள் தன் பதினாலு பிள்ளைகளும் இருப்பதை வேனம்மா ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். ஒண்ணாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறின உடனே கதவோரத்தில் சாய்ந்து தூங்கிவிடுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேனம்மா ஒரு கையைப் பின்னால் நீட்டி அவளைப் பிடித்துக்கொள்வாள். அந்தத் தடியனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மகனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போக்குவரத்து நீதிமன்றத்துக்குப் போனாள். வாசலில் விசாரணை என்று எழுதிய ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர். மெலிந்த மனிதர், காதில் ஒரு பேனா, பையில் இரண்டு, கையில் ஒன்று, ஆனால் எதனாலும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

"என் வயசைத் தப்பாப் போட்டிருக்காங்க, தம்பி. அம்பத்தெட்டுங்கறது என் வயசு. வண்டி வேகம் இல்லை."

எழுத்தர் நோட்டீஸைப் பார்த்தார். வேனம்மாவைப் பார்க்கவில்லை. "வயசு இருபத்துமூணு."

"என் தலையைப் பாருங்க. இருபத்துமூணு வயசுத் தலையா இது?"

"தலை எல்லாம் சாட்சியாகாதும்மா. இந்தக் காலத்துல பொண்ணுங்க தலைக்கு என்னென்னமோ கலர் அடிச்சுக்கறாங்க. கோப்புல என்ன இருக்கோ அதுதான்." பக்கத்திலிருந்த ஒரு புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "வயசு திருத்தணும்னா திருத்தப் பிரிவுல மனு குடுங்க. பதினோரு மாசம் ஆகும். அதுவரைக்கும் லைசன்ஸ் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

"பதினோரு மாசமா! திங்கக்கிழமை நான் வண்டி எடுக்கணுமே!"

"அப்ப ஏன் திருத்தறீங்க?" என்றார் எழுத்தர், உண்மையான அக்கறையோடு. "இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இளையோர் மன்னிப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. முதல் குற்றம்னா மன்னிச்சு விட்டுடுவாங்க. பதிவே ஆகாது. கடிதம் அன்னைக்கே கையில. வெள்ளிக்கிழமை வாங்க, குற்றத்தை ஒப்புக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது. என்ன, பாதுகாவலர் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்."

"பாதுகாவலரா?"

"அப்பா அம்மா யாராவது."

"எங்கப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு."

"வேற யாராவது இருந்தாலும் சரி. உங்களைவிட வயசுல பெரியவங்களா இருக்கணும், அவ்வளவுதான்."

வேனம்மா மகனைப் பார்த்தாள். மகன் எழுத்தரைப் பார்த்தான். எழுத்தர் படிவத்தை எடுத்தார்.

"இவர் யாரு?"

"என் பையன்."

"வயசு?"

"முப்பத்துநாலு," என்றான் மகன்.

எழுத்தர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "முப்பத்துநாலு, இருபத்துமூணு. பதினோரு வருஷம் பெரியவர். தாராளமாப் போதும்." பாதுகாவலர் என்ற இடத்தில் எழுதிக்கொண்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினார். அவர் பேனா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"இதுல உங்களுக்கு ஒண்ணும் தோணலையா சார்?" என்று மகன் கேட்டான்.

"தோணறதுக்கு இங்க இடம் விடலை, தம்பி," என்று எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நிஜமாகவே விடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகன் கெஞ்சினான். "கையெழுத்துப் போட்டுடும்மா. கடிதம் கிடைச்சாப் போதும்."

"செய்யாத தப்பைச் செஞ்சேன்னு எப்படிடா எழுதறது? பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன். அந்த ஒண்ணுதாண்டா என்கிட்ட இருக்கு."

"அப்ப அந்தத் தடியன் ஓட்டட்டும்."

வேனம்மா வேனின் கியரை மாற்றினாள். அவள் இருபத்துமூன்றில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நீதிமன்ற மண்டபத்தில் நுழைந்தவள் திகைத்துப்போனாள். கதவில் 'இளம் குற்றவாளிகள்' என்று பலகை. உள்ளே பெஞ்சு நிறைய நரைத்த தலைகள், வழுக்கைத் தலைகள். நாலைந்து ஊன்றுகோல்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் நெற்றியில் இருந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பாதுகாவலர்: மகனோ மகளோ மருமகளோ. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு வாலிபன் பைக்கில் பறந்தான். கீழே, 'இளமை வேகம் ஆபத்து' என்று போட்டிருந்தது.

வேனம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது எண்பத்துமூன்று. மொபெட்டில் பத்தொன்பதில் போனவர். கோப்பின்படி பத்தொன்பது வயதில் எண்பத்துமூன்றில் பறந்த பேர்வழி. அன்றைய பட்டியலில் அவர்தான் முதல்தரக் குற்றவாளி. அவருக்குப் பாதுகாவலராகக் கல்லூரியில் படிக்கும் பேத்தி வந்திருந்தாள்.

"எனக்கு இருபது வயசு ஆன்ட்டி," என்றாள் பேத்தி. "தாத்தாவைவிட ஒரு வயசு பெரியவளாம். வாசல்ல என்கிட்ட, 'பையனைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க'ன்னு சொன்னாங்க."

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் மூணு நாளாக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். இங்க இருக்கற எல்லாருக்கும் வயசும் வேகமும் இடம் மாறியிருக்கு. ஜன்னல்ல சொன்னேன். 'கணக்குக்குத் தனி ஜன்னல், அது புதன்கிழமை மட்டும்தான்'னுட்டான்."

நீதிபதி வந்தார். எல்லோரும் எழுந்து நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. உட்கார இன்னும் கொஞ்சம் அதிகம். நீதிபதி பருத்த மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"இளைஞர்களே!" என்றார்.

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"உங்களைப் பார்க்கவே எனக்கு வேதனையா இருக்கு. அதனாலதான் கண்ணாடியைக் கழட்டிட்டேன். நான் எப்பவுமே ஆளைப் பார்க்கறதில்லை. ஆளைப் பார்த்தா இரக்கம் வரும், இரக்கம் வந்தா நீதி தடுமாறும். இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. கோப்பைத்தான் பார்ப்பேன். இன்னும் நாலு மாசத்துல ஓய்வு. என் மேல ஒரு சின்னக் கறை உண்டா? யாராவது சொல்லட்டும்!"

இல்லை என்று எழுத்தர் மட்டும் தலையாட்டினார்.

"புள்ளிவிவரம் என்ன சொல்லுது தெரியுமா? இந்த ஊர்ல வேகமாப் போறவன் அத்தனை பேரும் நாப்பது வயசுக்குக் கீழ. ஒருத்தர் பாக்கி இல்லை! பெரியவங்க ஒருத்தர்கூட எல்லையைத் தாண்டலை. இந்த உண்மையை நம்ம துறைதான் முதல்முதலாக் கண்டுபிடிச்சிருக்கு. அமைச்சகத்துலேருந்து பாராட்டி எழுதியிருக்காங்க. உங்க ரத்தம் சூடா இருக்கு தம்பிகளா, தங்கச்சிகளா! கொஞ்சம் ஆறட்டும்!"

"எனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருங்க," என்று ஒரு முதியவள் மெல்லச் சொன்னாள். அவளை உட்காரச் சொன்னார்கள்.

"உங்களுக்குப் புத்தி வரணும்னு இன்னைக்கு ஒரு பெரியவரை வரவழைச்சிருக்கேன். தொண்ணூத்திரண்டு வயசு. அந்த வயசுலயும் பைக் ஓட்டறார். அதுவும் எவ்வளவுல? வெறும் இருபத்துநாலுல! இந்த வருஷத்தோட முன்மாதிரி ஓட்டுநர் அவர்தான். எந்திரிச்சு நின்னு கைதட்டுங்க!"

பக்கக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி, தோல் சட்டை, வாயில் பபிள்கம். தாளாளரின் மச்சினன்.

கைதட்டிக்கொண்டே எழுந்த வேனம்மாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. மேடைக்கு வந்தவன் தள்ளாடினால் பிடித்துக்கொள்ள இரண்டு சிப்பந்திகள் ஓடி வந்து ஆளுக்கொரு கையைத் தாங்கினார்கள். அவன் முதலில் உதறினான். பிறகு சுகமாக இருந்ததாலோ என்னவோ விட்டுவிட்டான். நீதிபதி சான்றிதழைக் கொடுத்து, குனிந்து வணங்கினார்.

"ஐயா, இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை அறிவுரை சொல்லணும்."

"என்ன சொல்றது," என்றான் அவன் பபிள்கம்மை ஒதுக்கிக்கொண்டு. "பார்த்துப் போங்க."

"அனுபவம்!" என்றார் நீதிபதி கண் கலங்கி. "தொண்ணூத்திரண்டு வருஷ அனுபவம் பேசுது!"

கீழே இறங்கி வந்தவன் வேனம்மாவைப் பார்த்ததும் இளித்தான். "திங்கக்கிழமையிலேருந்து நான்தான், வேனம்மா. ஒரே மிதி, பள்ளிக்கூடம் நாலு நிமிஷம்." சொல்லிவிட்டுக் கதவோரத்தில் சாய்ந்து நின்றான், வேடிக்கை பார்க்க.

அவ்வளவுதான். வேனம்மா முடிவு செய்துவிட்டாள். மானமாவது மண்ணாவது, கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

முதல் பெயரே அவளுடையதுதான். நீதிபதி கோப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"இருபத்துமூணு வயசு. அம்பத்தெட்டு வேகம். பொம்பளைப் பிள்ளை! ஏம்மா, உனக்கு என்ன குறை? காதல் தோல்வியா?"

"இல்லைங்க ஐயா."

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சுங்க. அவர் இப்ப இல்லை."

"இந்த வயசுலயேவா!" நீதிபதி வருத்தத்தோடு உச்சுக் கொட்டினார். "பாதுகாவலர் எங்க? ஏம்ப்பா, நீ பெரியவன். கூட இருந்து பார்த்துக்க வேண்டாமா? நீ ஒழுங்கா வளர்த்திருந்தா இவ ஏன் இப்படிப் போறா?"

"இனிமே ஒழுங்கா வளர்க்கறேங்க," என்றான் மகன். அம்மா அவன் காலை மிதித்தாள்.

"சரி. உன் எதிர்காலத்தை நினைச்சு மன்னிக்கிறேன். ஒப்புதல் படிவத்தைக் குடுங்க."

எழுத்தர் படிவத்தை நீட்டினார். 'நான் இளமை மயக்கத்தில் 58 கிலோமீட்டர் வேகத்தில் வாகனத்தை ஓட்டினேன்' என்று அச்சடித்திருந்தது. வேனம்மா பேனாவை வாங்கினாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது ஐம்பதைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தாள். கையெழுத்துக்கு மேலே இன்னொரு கட்டம் இருந்தது: 'எத்தனை ஆண்டுகளாக வாகனம் ஓட்டுகிறீர்கள்?' ஒரு பெரிய பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடப் போகிறவள், சின்ன விஷயத்திலாவது உண்மையாக இருப்போமே என்று '30' என்று எழுதினாள்.

எழுத்தர் படிவத்தை வாங்கி விரல் விட்டார். ஒரு கை விரல் தீர்ந்து, மறு கை விரலும் தீர்ந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஐயா, இந்த இடத்துல கொஞ்சம் சிக்கலுங்க. இருபத்துமூணுல முப்பது போகலை."

"மைனஸ் ஏழு!" என்றார் பின்னாலிருந்து வாத்தியார். நாற்பது வருஷப் பழக்கம், அவரால் அடக்க முடியவில்லை.

"என்ன மைனஸ் ஏழு?"

"இந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே லைசன்ஸ் வாங்கியிருக்குங்க," என்றார் எழுத்தர். கோப்புப்படி அதுதான் சரி என்பதால் அவருக்கு இதிலும் வியப்பில்லை.

நீதிபதி மேஜையில் ஓங்கி அடித்தார். "பொறக்காத குழந்தைக்கு லைசன்ஸா? என்ன அநியாயம்! குடுத்தவன் எவன்? இவ குற்றம் ஒண்ணுமே இல்லை, மொதல்ல அந்த அதிகாரியைப் பிடிக்கணும்! வேலையில இருந்தா வேலை போகணும், ஓய்வுல இருந்தா ஓய்வூதியம் போகணும்! நாலு மாசம் என்ன, நாலே நாள்ல அவனை உள்ள தள்ளறேன்! லைசன்ஸைக் கொண்டா!"

வேனம்மா கைப்பையிலிருந்து தன் பழைய லைசன்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் நைந்துபோனது. எழுத்தர் பிரித்தார். பார்த்தார். காதிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"படிய்யா! கையெழுத்து யாரோடது?"

"ஐயா... கண்ணாடி போட்டுக்கிட்டு நீங்களே பார்த்தா நல்லா இருக்குங்க."

நீதிபதி அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முதன்முறையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார். மூன்று சுழியும் வாலில் ஒரு பெரிய வளையமும் கொண்ட கையெழுத்து. "நீங்க நோட்டீஸ்ல போடற அதே கையெழுத்துங்க," என்று எழுத்தர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மண்டபத்தில் இருந்த எல்லோரும் தத்தம் கையிலிருந்த நோட்டீஸைக் குனிந்து பார்த்தார்கள். அதே மூன்று சுழி, அதே வளையம். முப்பது வருஷத்துக்கு முன்னால் லைசன்ஸ் அதிகாரியாக இருந்தவர் யார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

"ஐயா," என்றாள் வேனம்மா, "நான் பொறக்கறதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே எனக்கு லைசன்ஸ் குடுத்தது நீங்கதானுங்களா?"

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீதிபதி பதில் சொல்லுமுன் பெஞ்சுகளில் பைகள் திறக்கும் சத்தம் கேட்டது. "எனக்கும் உங்க கையெழுத்துதாங்க!" என்று ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. "எனக்கு மைனஸ் மூணு!" "எனக்கும்! எனக்கு மைனஸ் எட்டு!" வாத்தியார் தன்னுடையதை உயர்த்திப் பிடித்தார். "எனக்கு லைசன்ஸ் குடுத்தவர் காலமாயிட்டார். ஆனா இருபத்தெட்டு வருஷம் முன்னாடி புதுப்பிச்சது இவர்தான். எனக்குக் கழிச்சுப் பார்த்தா மைனஸ் ஒன்பது!"

நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மண்டபத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, நரையும் சுருக்கமும் பொக்கை வாயுமாகப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை வேனம்மாவிடம் வந்து நின்றது.

"அம்மா," என்றார். குரல் அடியோடு மாறியிருந்தது. "நீங்க... உங்களுக்கு வயசு என்னங்கம்மா?"

"அம்பத்தெட்டுங்க."

"பார்த்தாலே தெரியுதே! யாருய்யா இருபத்துமூணுன்னு போட்டது? கண்ணு இல்லையா உங்களுக்கெல்லாம்? அந்த ரெண்டு கட்டத்தையும் இடம் மாத்துய்யா! எல்லாருக்கும் மாத்து!"

"திருத்தப் பிரிவுங்க ஐயா," என்று எழுத்தர் நினைவூட்டினார். "பதினோரு மாசம்..."

"நானே திருத்தப் பிரிவு! பேனாவைக் குடு!"

அதற்குப் பிறகு அந்த நீதிமன்றத்தில் நடந்தது அதன் சரித்திரத்திலேயே இல்லாதது. நீதிபதி தன் கையால் அடித்தார், திருத்தினார், ஒப்பமிட்டார். சிப்பந்திகள் முத்திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முப்பத்தொரு பேருடைய வயதும் வேகமும் பன்னிரண்டு நிமிஷத்தில் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தன. தொண்ணூற்றிரண்டு வயதுப் பெரியவரின் கோப்பை எழுத்தர் எடுத்தபோது கதவோரம் காலியாக இருந்தது. வெளியே ஒரு சத்தம் கிளம்பி இரண்டு தெரு தள்ளி மறைந்தது. எழுத்தர் அவனுக்கும் ஒரு நோட்டீஸை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார், முதல் தடவையாகத் தலைப்பைப் படித்துவிட்டு.

பிறகு அவர் வேனம்மாவின் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "ஐயா, ஒரு விஷயம். இருபத்துமூணுன்னா அந்த ரோட்டுக்கு ரொம்ப மெதுவுங்க. போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு ஒரு பிரிவு..." என்று தொடங்கினார்.

"உக்காருய்யா!" என்றார் நீதிபதி.

கடிதம் தயாராயிற்று. 'குற்றப்பதிவு ஏதும் இல்லை.' நீதிபதியே மேஜையைச் சுற்றி வந்து வேனம்மாவிடம் நீட்டினார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. இந்தக் கூட்டம் கலைந்து, அந்த லைசன்ஸ் புத்தகங்கள் எல்லாம் பைகளுக்குள் திரும்பிப் போய், கதவு சாத்தப்பட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். ஆனால் முன்னால் நிற்பவள் நகர்ந்தால்தானே பின்னால் இருப்பவர்கள் நகர முடியும்?

வேனம்மா நகரவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். வண்டி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். தேதியைப் பார்த்தாள். வயது என்ற கட்டத்தின் தலைப்பைப் படித்து, அதற்குக் கீழே இருந்த எண்ணைப் படித்து, மறுபடியும் தலைப்பைப் படித்தாள். மகன் முழங்கையால் இடித்தான். அவள் அசையவில்லை.

"அம்மா," என்றார் வேகத்தைத் தண்டிக்கும் நீதிமன்றத்தின் நீதிபதி, கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் சீக்கிரமாப் பாருங்கம்மா. தயவு செஞ்சு."

வேனம்மா விரலை எடுக்காமல் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தி, அதில் இருந்ததை அவருக்கே காட்டினாள்.

"என் வேகம் இருபத்துமூணுன்னு நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றாள். பிறகு மறுபடியும் முதல் வரிக்குப் போனாள்.